பல்லடத்தில் விழுந்த முட்டை

பட்டாளத்தில் நான் காத்த ரகசியங்களைவிடச் சுமந்த பனியன்கள் அதிகம். திருப்பூர்க்காரன் என்று தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். லீவு முடிந்து திரும்பும்போது ஒரு பெட்டியில் என் துணி இருக்கும், மற்ற பெட்டிகளில் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் எக்ஸ்போர்ட் பனியன் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகாவது நிம்மதி கிடைக்கும் என்று பார்த்தேன். போன மாதம் எங்கள் பழைய பிரிவிலிருந்து கேப்டன் நந்தினி பொங்கலூரில் என் வீடு தேடி வந்துவிட்டார். வேலூர்ப் பெண். கையில் சைஸ் வாரியாக எழுதிய துண்டுச் சீட்டு.

சாப்பிட உட்கார்ந்ததும், "சாப், அந்த ஈர நூல் கேஸை நீங்களே சொல்லிக் கேக்கணும். டிரெய்னிங்ல அதை ஒரு கிளாஸாவே எடுக்கறாங்க" என்றார். பட்டாளத்தில் சுபேதாரை எல்லாரும் சாப் என்றுதான் கூப்பிடுவார்கள். அது நான் கூனிக் குறுகி நின்ற கேஸ். அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்றதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது அந்தப் பாடத்தில் இல்லாத ஒன்று எனக்கே தெரியவந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அலைவரிசை, கருவியின் பெயர் போன்ற சமாச்சாரங்களை விழுங்கிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காதில் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்தார்கள். தூங்கினால் எழுப்பினார்கள். வருடங்கள் போகப் போக, இரைச்சலைக் கேட்டே இது மின்னல், இது மின்கம்பி, இது மனுஷன் என்று பிரித்துச் சொல்ல வந்துவிட்டது. நான் தேறி வந்த நேரத்தில் அந்த வேலை வானத்துக்குப் போய்விட்டது.

வானத்தில் நடப்பது இதுதான். ஒரு மைதானத்தில் யாரோ பட்டாசு வெடிக்கிறார்கள். ஆளுக்கொரு மூலையில் நிற்கும் மூன்று பேருக்கு அந்தச் சத்தம் ஒரே நேரத்தில் கேட்காது. யாருக்கு முதலில் கேட்டது, யாருக்குப் பிறகு கேட்டது என்று கணக்குப் போட்டால் வெடித்த இடம் தெரிந்துவிடும். ராணுவச் செயற்கைக்கோள்கள் ரேடியோ அலைகளை அப்படித்தான் பிடிக்கின்றன. அவன் என்ன பேசினான் என்பது எங்களுக்குத் தேவையே இல்லை. எப்போது வாயைத் திறந்தான், எப்போது மூடினான், எங்கேயிருந்து என்று தெரிந்தால் போதும். கணக்கு முடிந்ததும் வரைபடத்தில் நீள்வட்டமாக ஒரு கோடு விழும். ஆள் அதற்குள் எங்கோ இருக்கிறான் என்று அர்த்தம். நாங்கள் அதை முட்டை என்போம். காலையில் டியூட்டிக்கு வருகிறவன் வணக்கம் சொல்லமாட்டான், "இன்னைக்கு முட்டை எங்கே?" என்றுதான் கேட்பான்.

இதில் ஒரு வார்த்தைகூட வீட்டில் சொல்லக் கூடாது. என் மனைவி சரஸ்வதியிடம் "அளக்கிற வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். என் மாமனார் அதைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை பட்டாளத்தில் அரிசி அளந்து போடுகிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்தவன், மறுத்துப் பேசவும் வழியில்லை. கல்யாண வீடுகளில் அரிசி ரகம் பற்றி என்னிடம் யோசனை கேட்பார்கள். நானும் சொல்வேன்.

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் முட்டை பல்லடத்தில் விழுந்தது.

பல்லடம் கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊர் என்பதால் முதலில் அறையே சிரித்தது. எங்கள் அதிகாரி மேஜர் சக்சேனா சிரிக்கவில்லை. அந்த அலை எங்களுக்கு வேண்டிய ஓர் அலைவரிசையின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் நடத்தையும் சரியில்லை. ஓரிடத்தில் நிற்காமல் மெதுவாக நழுவும், மறுபடி பழைய இடத்துக்கே குதிக்கும், திரும்பவும் நழுவும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கொஞ்ச நேரம் மூச்சு விடாது. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்பவன் பயிற்சி பெற்ற ஒற்றன்தான் என்று எல்லாரும் முடிவு கட்டினோம். நானும்தான்.

மேஜர் லக்னோக்காரர். எங்கள் கொங்கு நாட்டு மரியாதையை மிஞ்சிய மரியாதை அவருடையது. ஹெட்போனை மாட்டுமுன் கைக்குட்டையால் துடைப்பார், கழற்றியபின் அடுத்தவருக்காக இன்னொரு தரம் துடைப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "தயவுசெய்து" என்றால் சாதாரணம். "உங்களுக்குச் சிரமமில்லை என்றால்" என்றால் லீவு போச்சு. "தாங்கள் பெரிய மனது பண்ணி" என்ற அளவுக்குப் போய்விட்டால் பெட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அன்று அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மயில்சாமி சாப், இது உங்கள் ஊர் இல்லையா? நம் அதிர்ஷ்டம்" என்றார்.

ஒரு வெள்ளை வேனில் புறப்பட்டோம். கூரையில் லக்கேஜ் கேரியர் மாதிரி ஒரு மூடி, அதற்குள் ஆண்டெனா. உள்ளே கருவிகள், மேஜர், நான். முன்னால் இந்தி மட்டும் தெரிந்த டிரைவர். எல்லாரும் சாதாரண உடையில் இருந்தோம். யாருக்கும் சந்தேகம் வராது என்று மேஜர் சொன்னார். அது உண்மைதான். திருப்பூரில் காலை நேரத்தில் வெள்ளை வேன் ஓரமாக நின்றால் யாருக்கும் சந்தேகமே வராது.

பல்லடம் ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப் பக்கம் நிறுத்தி ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. டிபன் பாக்ஸும் கையுமாகப் பெண்கள் ஏறினார்கள். ஆள் ஏற்ற வந்த பனியன் கம்பெனி வேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கருவிப் பெட்டிகளின் மேலெல்லாம் ஆள் உட்கார்ந்தாயிற்று.

"அண்ணாச்சி, புது வண்டியா? ஏசியப் போடுங்க, வேக்காடு தாங்கல" என்றாள் ஒருத்தி. பெயர் அமலா, தூத்துக்குடிப் பக்கம், செக்கிங் செக்‌ஷன். இதெல்லாம் கேட்காமலே அவள் சொன்னது.

மேஜரைப் பார்த்தேன். பெண்களை எழுந்திருக்கச் சொல்ல லக்னோ நாக்கு வரவில்லை. தான் இருந்த சீட்டையும் கொடுத்துவிட்டு, "பைட்டியே, பைட்டியே" என்று இந்தியில் உட்காரச் சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன மெசினு அண்ணாச்சி?"

"அளக்குற மெசினும்மா."

"என்னத்த அளப்பிய?"

அதற்குமேல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. கம்பெனி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டோம். இறங்கும்போது, "சாயங்காலமும் இதே வண்டியை அனுப்பச் சொல்லுங்க, நம்ம வண்டில ஏசியே கிடையாது" என்று மேஜரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று தொடங்கிய விசித்திரம்தான் என்னை அரைக்கிறுக்கனாக்கியது. பல்லடத்தைத் தாண்டிப் பொங்கலூர்ப் பக்கம் போனால் ஹெட்போனில் ஊர் செத்துக் கிடக்கும். அலை மட்டுமல்ல, தெருத்தெருவாகச் சாயப்பட்டறை, விசைத்தறி எல்லாமே நிறுத்தப்பட்டிருக்கும். முதலாளிகள் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். "ஏனுங்க, இன்னைக்கு ஓட்டலீங்களா?" என்று கேட்டால், "கரண்டே இல்லீங்க" என்பார்கள். அவர்கள் தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் ஏதோ சாயக்கழிவுச் சோதனைக்கு வந்த ஆபீசர்கள் என்று நினைக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பகுதியில் முன்பின் தெரியாத வண்டி வந்தால் முதலில் மெயின் ஸ்விட்சை இறக்குவார்கள், யார் எவர் என்பதெல்லாம் அப்புறம்தான்.

புரியாதது வேறு. நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபின் நிறுத்தினால் சரி. நுழைவதற்கு வெகு நேரம் முன்பே நிறுத்தியிருந்தார்கள். முட்டையின் மறு ஓரத்தைத் தேடி அவிநாசிப் பக்கம் போன நாட்களிலோ, பல்லடத்தில் முட்டை கொழுகொழுவென்று விழுந்தது. எந்தப் பக்கம் போவது என்று மேஜர் காலையில்தான் முடிவு செய்வார், அதையும் வேனில் ஏறிய பிறகுதான் சொல்வார்.

ஒரு மாலை லாட்ஜ் அறையில் மேஜர் எனக்குத் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார்.

"மயில்சாமி சாப், அந்தப் பெண்களுக்கு வேனைத் தெரியும். ஆனால் வேன் எங்கே போகும் என்று தெரியாது. அது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். டிரைவருக்கு இங்கே பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. தாங்கள் பெரிய மனது பண்ணி, நாளை முதல் உங்கள் போனில் வரும் எல்லா அழைப்பையும் ஸ்பீக்கரில் போட முடியுமா?"

பெரிய மனது வந்துவிட்டது. காட்டிக் கொடுத்தவன் என்று என்னைத்தான் சொல்கிறார். இத்தனை வருஷம் மாமனாரிடம் அரிசி அளப்பவன் என்று பேர் வாங்கியும் வாய் திறக்காதவன் நான். அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வேலை போனால்கூடத் தாங்கிக்கொள்வேன், துரோகி என்ற பேரோடு போனால் எந்த முகத்தோடு ஊருக்குள் வருவது?

மறுநாளிலிருந்து எல்லா அழைப்பும் ஸ்பீக்கரில். வந்தது ஒரே அழைப்பு. வேன் புறப்பட்டதும் எப்போதும் போலச் சரசு கூப்பிடுவாள். "ஏனுங்க, மத்தியானம் சாப்பாட்டுக்கு ஊட்டுக்கு வருவீங்களா?" என் வீடு இருக்கும் பொங்கலூர்ப் பக்கம் என்றால் "வர்றேன்" என்பேன். அவிநாசிப் பக்கம் என்றால் "வர்ல" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. தமிழ் தெரியாத மேஜர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் கேட்பார், பிறகு என்னையே மொழிபெயர்க்கச் சொல்வார். குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. ஆளைத் தனியாக விடக் கூடாது என்பதற்காக என்னோடு வீட்டுக்கும் வந்தார். வந்த இடத்தில் சரசு வைத்த ரசத்துக்கு மயங்கி, அடுத்த நாள் அழைப்பின்போது ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்து, "பெஹன்ஜி, ரசம்" என்று உடன்பிறந்தவளிடம் கேட்பதுபோலச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். ரசம் ஒரு பக்கம், விசாரணை ஒரு பக்கம். "நாளைக்குள் எதுவும் கிடைக்காவிட்டால் மேலிடத்துக்கு உங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு மிகுந்த வருத்தம்" என்றார். வருத்தம் முகத்திலும் தெரிந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில்தான் யோசனை வந்தது. எங்கள் ஊர் ஆபீசரைக் கண்டால் அணையும், பையரைக் கண்டால் எரியும். வெளிநாட்டுக்குத் துணி வாங்குகிற பையர் வருகிறார் என்று தெரிந்தால், ஓடாத மெசினைக்கூட எண்ணெய் விட்டு ஓட்டிக் காட்டுவார்கள்.

"சார், நீங்க டெல்லி பையிங் ஹவுஸ். நான் உங்களுக்கு ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர். வேன் வேண்டாம், வாடகைக் காரில் போவோம்" என்றேன்.

மேஜர் தன் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்துவிட்டு, "டை கட்ட வேண்டுமா?" என்று கேட்டார். கட்டினார். எனக்கும் ஒரு டை, ஒரு கூலிங் கிளாஸ். கருவியை சாம்பிள் துணிகள் அடைத்த பைக்குள் வைத்தேன், அதன் வயர் என் காதில் போன் பேசுவதுபோலத் தொங்கியது. சரசு கூப்பிட்டாள். பையருக்குப் பட்டறையிலேயே சாப்பாடு போட்டுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். "இன்னைக்கு வர்ல" என்றேன். மேஜர் முகம் லேசாக வாடியது, ரசம் இல்லை அல்லவா.

பொங்கலூர் ரோட்டில் கார் திரும்பியது. காதில் அலை கொட்டியது. ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கே திரும்பு, குறைந்தால் பின்னால் வா என்று டிரைவரை ஓட்டி, ஒரு நூல் சாயப்பட்டறை வாசலில் நின்றோம். முதலாளி குமாரசாமி ஓடிவந்தார்.

"வாங்க, வாங்க. எளநீ வெட்டச் சொல்லட்டுங்களா? உங்களை எங்கியோ பார்த்தாப்புல இருக்குதுங்க" என்றார் என்னிடம்.

"பார்த்திருக்க மாட்டீங்க" என்று கூலிங் கிளாஸை ஏற்றிக்கொண்டேன்.

மேஜர் வேஷத்தில் கரைந்துவிட்டார். நூல் கோனை விரலால் தேய்த்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார். "விலை கொஞ்சம் அதிகம்" என்று இந்தியில் சொன்னார். குமாரசாமி இன்னும் விலையே சொல்லவில்லை. நான் பையை அணைத்துக்கொண்டு மெதுவாக உள்ளே நடந்தேன். பின்கட்டில் ஒரு பெரிய இரும்பு மெசின். பக்கத்தில் போனதும் காதில் அப்படியொரு அலறல், வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

"இது என்னங்க?"

குமாரசாமி முகம் மலர்ந்தது. "செகண்ட் ஹேண்டுங்க, வெளிநாட்டுச் சரக்கு. ஈர நூலைக் காத்துல காய வெச்சா ஒரு நாள் போயிருமுங்க. இது ரேடியோவுலயே காய வெக்குது. நூலுக்குள்ளாற இருக்கற ஈரத்தையே சுட வெச்சுருமுங்க."

"ரேடியோவா?" என்றார் மேஜர், தமிழ் தெரியாமலே.

"ரேடியோதானுங்க. பாட்டு மட்டும் வராது. ரெண்டு பக்கமும் நீளமா ஒரு தகரக் கூண்டு வெச்சிருந்தாங்க, வெள்ளக்காரன். எதுக்குன்னே தெரியலீங்க. நம்ம பெரிய கோன் உள்ள போகல. வெட்டி எடுத்துட்டேன். இப்பப் பாருங்க, எவ்வளவு லட்சணமா ஓடுது."

அந்தத் தகரக் கூண்டுதான் அலை வெளியே போகாமல் அடக்கி வைப்பது. அதை வெட்டிவிட்டு இந்த மனுஷன் ஒலிபரப்பு நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். நூல் காயக் காய அலை நழுவியிருக்கிறது. அடுத்த ஈர நூல் உள்ளே போனதும் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. அந்த ஒழுங்கான மௌனம் டீ நேரம். நாங்கள் நாட்கணக்காகப் படித்த சங்கேத மொழி ஈர நூல்.

மேஜர் டையைத் தளர்த்திக்கொண்டு, குமாரசாமியிடம் உண்மையைச் சொல்லும்படி என்னிடம் சொன்னார், சொன்னேன். குமாரசாமி இளநீரைக் கீழே வைத்தார். "சாமி, நூலத்தானுங்க காய வெச்சேன்! மேல இருந்து பார்க்கறாங்களா? என்னையவா?" என்று அண்ணாந்து கூரையைப் பார்த்துக் கும்பிட்டார். கூண்டு எங்கே என்று கேட்டால், கொல்லையில் அதில் கோழி அடைத்திருந்தார். கோழிகளை விரட்டி, கூண்டைக் கழுவி, அன்றே வெல்டு வைத்தார்கள். பல்லடத்தில் அதன்பிறகு முட்டை விழவில்லை.

மேஜர் மறுநாள் வீட்டுக்கு வந்தார். கைகூப்பிச் சரசு முன்னால் நின்று, "பெஹன்ஜி, உங்கள் கணவர் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது. அவரைச் சந்தேகப்பட்டேன், மன்னிக்க வேண்டும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். சரசு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். கண் கலங்கிவிட்டாள் என்று மேஜரிடம் சொன்னேன். வேறு காரணம் எதுவும் கிடைக்காததால், அந்தப் பெண்கள் மூலமாகத்தான் சேதி பரவியிருக்கிறது என்று எழுதி கேஸை முடித்தோம்.

இதையெல்லாம் கேப்டன் நந்தினியிடம் சொல்லி முடித்து, "கடைசி வரைக்கும் என் வாயில இருந்து இந்த ஊட்டுக்கு ஒரு சொல் வந்ததில்லை" என்று தொடையைத் தட்டினேன்.

"நாந்தானுங்க சொன்னேன்" என்றாள் சரசு, ரசத்தைக் கலக்கிக்கொண்டே.

"என்ன சொன்னே?"

"வேன் வருதுன்னு. என்ர தம்பி செந்திலுகிட்ட."

செந்தில் அப்போது அங்கே ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர்.

"உனக்கு எப்படித் தெரியும்? நான் எங்க போறேன்னு ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா?"

"சொல்லலீங்க. சாப்பாட்டுக்கு வருவீங்களான்னு கேட்பேன். வர்றேன்னா இந்தப் பக்கம். வர்லைன்னா அந்தப் பக்கம். அந்தப் புள்ளைங்கதான் ஊரெல்லாம் சொல்லிருச்சே, அளக்கற வண்டி, நம்மூர்க்காரர் ஒருத்தரும் ஒரு வடக்கத்திக்காரரும் இருக்காங்கன்னு. அளக்கறதுன்னதுமே நீங்கதான்னு தெரிஞ்சு போச்சு. தண்ணி சோதிக்கிற ஆபீசுக்கு உங்களை மாத்திட்டாங்கன்னு நெனச்சேன். தம்பி பொழப்புங்களே. நீங்க வர்றேன்னதும் அவனுக்கு ஒரு போன் போடுவேன், அவன் எல்லாத்துக்கும் சொல்லிருவான்."

நந்தினி கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "அம்மா, அப்ப அந்த பையர் வேஷம் போட்ட அன்னைக்கு?"

"அன்னைக்கு இவரு சாப்பாட்டுக்கு வர்லைன்னுட்டாரு கண்ணு."

நாங்கள் கட்டிய டை, கூலிங் கிளாஸ், பாடத்திட்டத்தில் இடம்பிடித்த என் யோசனை எல்லாம் அந்த ரசத்தோடு போயிற்று. எனக்கு ஆத்திரம் வந்தது. "உன்னால எனக்குத் துரோகின்னு பேரு வரப் பார்த்துச்சு, தெரியுமா? அன்னைக்கு நான் அழுதேன்" என்று கத்திவிட்டேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் செந்திலுகிட்ட மூச்சு விட்டிருப்பேனுங்களா? எதையுமே சொல்லாம இருந்தா நானும் எதை வெச்சுத்தான் உங்களைத் தெரிஞ்சுக்கறது?" என்றாள். நான் ரசத்துக்குத் தட்டை நீட்டினேன். "மேஜர் மன்னிப்புக் கேட்டப்ப உள்ளே போய் அழுதியே, அது?" என்று கேட்டேன். "சிரிச்சனுங்க" என்றாள்.

நந்தினி பனியன் மூட்டையோடு கிளம்பும்போது, பாடத்தை மாற்றப் போவதில்லை என்று எனக்குச் சத்தியம் செய்துவிட்டுப் போனார். நல்ல பெண்.

இப்போதும் நான் வெளியே கிளம்பினால் சரசு அதே கேள்வியைத்தான் கேட்கிறாள், மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவீங்களா என்று. விஷயம் தெரிந்த பிறகு நான் பதில் சொல்வதில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் நடக்கிறேன். "அப்பப் பல்லடத்துக்கு, பரோட்டாக் கடைக்குத்தான்" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. இதுவரை ஒரு தடவைகூடத் தப்பவில்லை.